கொள்ளுக்கூடைக்கு முன்னால் வாயை மூடிய செவலை

அந்தக் காலத்தில், மாடும் ஆடும் நாயும் மனிதர்களோடு சரிக்குச் சரியாகப் பேசிக்கொண்டிருந்தபோது, இருப்பதிலேயே வாயாடி யார் என்று கேட்டால் ஊரே குதிரையைத்தான் கைகாட்டும். இப்போது இருக்கிற குதிரைகளைப் பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வராதீர்கள். அதுகள் வாயை மூடிக்கொண்ட கதையைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு மலை. அதன் அடிவாரத்தில் ஓர் ஊர். மலைமேல் வாழையும் எலுமிச்சையும் கொட்டிக் கிடக்கும், உப்புதான் கிடைக்காது. கீழே உப்பு இருக்கும், வாழைப்பழம் கண்ணிலேயே படாது. இரண்டுக்கும் நடுவில் கல்லும் முள்ளுமாக ஓர் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதையில் உப்பை மேலே கொண்டுபோய், வாழைத்தாரைக் கீழே கொண்டுவருவதுதான் பெரியண்ணனுக்குப் பிழைப்பு. எல்லாம் அவன் முதுகிலேதான். சாயங்காலம் வீடு திரும்பினால் நிமிர முடியாமல் வளைந்தபடியே சாப்பிட உட்காருவான். அவன் பெண்டாட்டி சீரங்காயி அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து உருகிக்கொண்டிருந்தாள்.

அந்த நாளில் குதிரைகள் மலை உச்சிப் புல்வெளியில் கூட்டமாகத் திரியும். மனிதர் பக்கம் வராது, அரட்டைச் சத்தம்தான் ஊர்வரை இறங்கி வரும். ஒரு கோடையில் காட்டுத்தீ பிடித்துப் புல்லெல்லாம் கரிந்துபோனது. கூட்டம் வேறு மலைக்குப் போய்விட்டது. செவலை நிறத்தில் ஓர் இளங்குதிரை மட்டும் வழி தவறிக் கீழே இறங்கி, சீரங்காயி வீட்டு வாசலில் வந்து நின்றது. நல்ல நேரமோ கெட்ட நேரமோ, அப்போது அவள் அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது.

வேகிற கொள்ளின் வாசனை தெரியுமல்லவா உங்களுக்கு? குதிரைக்கு அதுவரை தெரியாது. மூக்கை விரித்து ஒரு தடவை இழுத்தது, அவ்வளவுதான், மலையும் மறந்தது, கூட்டமும் மறந்தது. இந்த வாசனைக்கு ஈடாக எதைச் சுமக்கச் சொன்னாலும் சுமக்கிறேன் என்று தானாகவே வாயைக் கொடுத்தது. பெரியண்ணனுக்குக் கசக்குமா? காலையும் மாலையும் வேகவைத்த கொள்ளு, அதற்குப் பதில் உப்புப் பொதியும் வாழைத்தாரும் என்று பேசி முடித்தார்கள். செவலை என்றே பெயரும் வைத்தார்கள். அது சீரங்காயியை அக்கா என்றது, பெரியண்ணனை மாமா என்றது. கொட்டகையும் கிடைத்தது, புங்கமர நிழலும் கிடைத்தது.

பாதையில் செவலையைக் குறை சொல்ல ஆளில்லை. உருளுகிற கல்லை மோந்து பார்த்து ஒதுங்கிப் போகும். எதிரே விறகுக்காரி வந்தால் தான் நின்று அவளுக்கு வழிவிடும். மழைக்குப் பின் பழைய புல்வெளிக்குத் திரும்பி வந்த குதிரைக் கூட்டம், உச்சியில் நின்று இதையெல்லாம் வேடிக்கை பார்க்கும். இவன் மனிதரோடு ஒழுங்காகப் பிழைத்தானானால் நாமும் இறங்கலாம், அடிபட்டுத் திரும்பி வந்தானானால் அந்தப் பேச்சே வேண்டாம் என்று அவை தங்களுக்குள் பேசி வைத்திருந்தன.

எல்லாம் கொள்ளுச் சட்டியைத் திறக்கிற வரைக்கும்தான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் செவலைக்குத் தலைகால் புரியாது. "இன்னுமா ஆறலை, என்ன வெட்டி முறிக்கிறீங்க உள்ள" என்று ஆரம்பிக்கும். பிறகு கத்தல். பிறகு முன்னங்காலால் கொட்டகைப் படலை உதைக்கும். சீரங்காயி வெளியே வந்தாலோ, கூடை தரையைத் தொடுவதற்குள் தோளால் அவளை ஒரு தள்ளு தள்ளி, முந்தானையோடு சேர்த்து ஒரு வாய் கவ்வும்.

இந்த இடத்தில் அந்த ஊர் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சீரங்காயியை நீங்கள் அசடு என்று நினைத்துவிடுவீர்கள். பசி என்று ஒரு குரல் கேட்டால், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதுதான் அங்கே மரியாதை. பசித்தவரைக் காக்கவைத்த வீட்டில் பெண் எடுக்கவும் மாட்டார்கள், பெண் கொடுக்கவும் மாட்டார்கள். அந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள் சீரங்காயி. அதனால் செவலை கத்தினால் நடையை எட்டிப் போட்டாள். உதைத்தால் ஓடினாள். படலைப் பிய்த்தால், தான் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றைக்கூட விட்டுவிட்டு எச்சில் கையோடு ஓடினாள்.

செவலை என்ன, முட்டாளா? கத்தினால் வருகிறது, உதைத்தால் சீக்கிரம் வருகிறது என்று நன்றாகப் புரிந்துகொண்டது. அமைதியாக நின்றிருந்த ஒரு நாளில் அவள் கீரை ஆய்ந்து முடித்துவிட்டு மெதுவாகத்தான் வந்தாள். அதையும் அது மறக்கவில்லை.

கொஞ்ச நாளில் இது ஒட்டுவாரொட்டி போலப் பரவியது. பொறுமையின் சிகரமாக இருந்த மாடு தவிட்டுத் தொட்டியை முட்டிக் கவிழ்த்தது. வெள்ளாடு கூரைமேல் ஏறி நின்று ஒப்பாரி வைத்தது. நாய் மட்டும் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டு, இந்த வீட்டில் கத்தத் தெரியாதவன் பிழைக்க முடியாது போலிருக்கிறதே என்று முனகியது. பெரியண்ணன் மனைவியிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தான், நேரடியாகவும் சொல்லிப் பார்த்தான். வயிறு காய்ந்தவனிடம் மரியாதை எதிர்பார்ப்பதா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவன் செவலையைக் கூப்பிட்டுக் கண்டித்தான். அதுவோ தேனாகப் பேசி, நாளையிலிருந்து பாருங்கள் மாமா என்று சத்தியம் செய்தது. அந்த நாளை வந்தது, கொள்ளும் வெந்தது, சத்தியம் காற்றோடு போனது. இப்படி எத்தனை சத்தியம் என்று அந்த வீட்டில் யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு சாயங்காலம். பகலெல்லாம் மழை கொட்டி அப்போதுதான் விட்டிருந்தது. வாசல் சேறாகக் கிடந்தது. உள்ளே கொள்ளு வெந்தது, வெளியே செவலை ஆட்டம் போட்டது. சீரங்காயி சரியாக ஆறக்கூட விடாமல் சட்டியைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல ஓடி வந்தாள். செவலை படலைத் தள்ளிக்கொண்டு எதிரே பாய்ந்தது. தோள் இடித்தது. அவள் கால் சேற்றில் வழுக்கி, ஆட்டுக்கல்மேல் கையை ஊன்றி விழுந்தாள். சட்டி உடைந்து கொள்ளு சிதறியது.

விழுந்தவளைத் தாண்டிப்போய் அது கொள்ளைத் தின்றது. சேற்றிலிருந்து ஒவ்வொரு மணியாகப் பொறுக்கி, ஓட்டாஞ்சில்லையும் நக்கித் துடைத்தது. அப்புறம்தான் தலையைத் தூக்கியது. வாயில் இன்னும் மென்றுகொண்டே, "அவ்வளவுதானாக்கா, உள்ள இன்னும் இருக்கா?" என்று கேட்டது.

சீரங்காயி ஆட்டுக்கல்லில் சாய்ந்து, வலது கை மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். அந்தக் கை இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. செவலை மெல்லுவதை நிறுத்தியது. தான் செய்தது அதற்கு அப்போதுதான் தெரிந்தது.

எலும்பு கட்டுகிறவர் வந்தார். இலையை அரைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். காலையில் பெரியண்ணன் கொட்டகைக்கு வந்தான். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. படலைத் திறந்து மலைப் பக்கமாகக் கையை நீட்டினான். மேலே புல் பச்சையாக இருக்கிறது, உன் கூட்டமும் வந்துவிட்டது, போ என்றான். தன் முதுகு இன்னும் தேயவில்லை, உப்பைத் தானே சுமந்துகொள்வதாகச் சொன்னான்.

செவலை மலையைப் பார்த்தது. போகலாம்தான். புல்லுக்குப் பஞ்சமில்லை, கண்டிக்க ஆளுமில்லை. ஆனால் அதற்குப் போகப் பிடிக்கவில்லை. பொதி இறக்கியதும் வேர்த்த கழுத்தை அக்கா தேய்த்துவிடுவாள், அப்போது ஏதாவது ஊர்க்கதை சொல்லிக்கொண்டே தேய்ப்பாள். அந்தக் கைக்காகத்தான் தான் இந்த வீட்டில் இருக்கிறோம், கொள்ளுக்காக அல்ல என்று அதற்கு அந்த நிமிடத்தில் உறைத்தது. அந்தக் கையைத்தான் ஒடித்திருக்கிறோம் என்பதும் கூடவே உறைத்தது. அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டது, இனி இப்படி நடக்காது என்று வாய் ஓயாமல் சத்தியம் செய்தது.

"உன் வாயை நம்பித்தான்டா அவ கை போச்சு" என்றான் பெரியண்ணன்.

செவலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படலைத் தாண்டக் காலை எடுத்து வைத்தது. அப்போது சீரங்காயி கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்தபடி வெளியே வந்தாள். இரவெல்லாம் வலியில் தூக்கமில்லாமல் யோசித்திருந்தாள் போலிருக்கிறது.

"ஏங்க, அவன் மேல மட்டும் தப்பில்லைங்க. கத்துனா ஓடியாந்தேன், இடிச்சா இன்னும் வேகமா ஓடியாந்தேன். இடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான். இன்னைக்கு ஒரு பொழுது விடுங்க."

பெரியண்ணன் மலையைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான். இன்று ஒரு பொழுதுதான் என்று ஒப்புக்கொண்டான். இருட்டுவதற்குள் கூடை ஒழுங்காகத் தரையில் இறங்கவில்லை என்றால் படல் திறந்துதான் இருக்கும் என்றான்.

சீரங்காயி செவலையிடம் வந்து விஷயத்தைப் பட்டென்று சொன்னாள். கூடை தரையில் இறங்குகிறவரை நீ வாயைத் திறக்கக் கூடாது. ஒரு சொல்லும் கூடாது, நல்ல சொல்லும் கூடாது. திறந்தாயானால் நான் திரும்பிப் போய்விடுவேன். என் பக்கம் ஓர் அடி வைத்தாலும் போய்விடுவேன். செவலை சரி என்று சொல்ல வாயெடுத்தது, பிறகு நினைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டியது.

சாயங்காலம் வந்தது. கொள்ளு வெந்தது. இந்தத் தடவை நன்றாக ஆறும்வரை அவள் உள்ளேயே இருந்தாள். வாசனை வாசலெல்லாம் பரவியது. செவலை பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தது, ஆனால் கால் கேட்கவில்லை. அது பாட்டுக்குத் தூக்கிப் படலில் ஒன்று விட்டது. கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசற்படியில் கால் வைத்த சீரங்காயி அப்படியே திரும்பி உள்ளே போனாள்.

தெருவில் நின்றிருந்தவர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். பசித்தவன் கண்ணெதிரே தீனியைத் திருப்பிக்கொண்டு போகிறாளே, இவளும் ஒரு பெண்ணா என்று வாய்மேல் கை வைத்தார்கள். அந்த ஊரில் அதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. சீரங்காயி உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். கை ஒடிந்தபோதுகூட அழாதவள் இதற்கு அழுதாள். இப்போதே ஓடிப்போய் கொட்டிவிட்டால் ஊர் வாய் அடங்கிவிடும், செவலைதான் நாளைக்கு இங்கே இருக்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வந்தாள்.

இந்தத் தடவை செவலை கத்தவில்லை, உதைக்கவில்லை. அக்கா அக்கா என்று கெஞ்சியது. அவ்வளவு பாசமாகக் கேட்டால் யாருக்குத்தான் மனது இளகாது? அவள் கால் தானாக முன்னே வந்தது. வந்த காலை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். பெரியண்ணன் படல் கயிற்றில் கை வைத்தபடி நின்றிருந்தான். மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டது. வெள்ளாடு கூரையிலிருந்து இறங்கி வந்து நின்றது. மேற்கே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாவதாக அவள் வந்தபோது செவலைக்குப் பயம் வந்துவிட்டது. தன் வாயையும் நம்ப முடியவில்லை, காலையும் நம்ப முடியவில்லை. கூடைக்குப் பக்கத்தில் இருந்தால்தானே வம்பு என்று, பயத்தில் ஓர் அடி பின்னால் போனது.

சீரங்காயி ஓர் அடி முன்னால் வந்தாள்.

செவலைக்கு ஒன்றும் புரியவில்லை. இதென்ன கூத்து, நான் விலகிப் போனால் கொள்ளு கிட்டே வருகிறதே என்று யோசித்தது. சோதித்துப் பார்க்க இன்னோர் அடி பின்னால் வைத்தது. அவளும் இன்னோர் அடி முன்னால் வந்தாள். இத்தனை நாளும் முட்டி மோதி இழுத்துக்கொண்டிருந்த ஒன்று, பின்வாங்கினால் தானாக வருகிறது. அதன் காதுகள் நிமிர்ந்தன. வால் பின்பக்கச் சுவரில் முட்டும்வரை போய், தலையைத் தாழ்த்தி, உதட்டோடு உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றது.

பெரியண்ணன் கயிற்றை அவிழ்த்துவிட்ட படலைத் தாண்டி அவள் வந்துகொண்டே இருந்தாள். ஓடவில்லை. சோறு போடப் போகிறவள் வீட்டுக்குள் நடக்கிற மாதிரி சாதாரணமாக நடந்து வந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள். கூடை இன்னும் இடுப்பில்தான் இருந்தது.

அக்கா தன்னிடம் வந்துவிட்டாள் என்றதும் செவலைக்குச் சந்தோஷம் அடிவயிற்றிலிருந்து பொங்கிக் கிளம்பியது. நெஞ்சுக்கு ஏறியது, தொண்டைக்கு ஏறியது. வாய் பூட்டிக் கிடந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு வேறு வழி தெரியாமல், மூக்கு வழியாக, அடித்தொண்டையில் குமுறிக்கொண்டு வந்தது. ம்ஹும்ஹும்ஹும் என்று ஒரு சத்தம். மெல்லிய சத்தம்தான். ஆனால் வாசலில் இருந்த எல்லாருக்கும் கேட்டது.

சீரங்காயி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். சொன்ன வாக்கு போய்விட்டதா, இருக்கிறதா? அவளுக்கே தெரியவில்லை. படல் இன்னும் அகலத் திறக்கிற சத்தம் கேட்டது. பெரியண்ணன் கொட்டகைக்குள் வந்தான். குனிந்து செவலையின் வாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். உதடு ஒட்டியபடிதான் இருந்தது. இருந்தாலும் அவன் நீதிக்காரன், சும்மா விடவில்லை. வாயை மூடிக்கொண்டே கொள்ளு கேட்கிறானா என்று மனைவியிடம் கேட்டான்.

அதற்குச் செவலைதான் பதில் சொன்னது. வாயால் இல்லை. தாழ்த்திய தலையை மெதுவாக முன்னே நீட்டியது. கூடை அதன் மூக்குக்கு நேராக இருந்தது, வேகவைத்த கொள்ளு, தவிடு கலந்தது, ஒரு சாண் தூரம். அதைத் தாண்டிப் போய், மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்த அந்தக் கைமேல் மூக்கை வைத்தது. மூச்சு சூடாகப் படும்படி மெல்ல மோந்தது. அங்கேயே மறுபடி ம்ஹும்ஹும்ஹும் என்றது.

"கொள்ளைக் கேக்கலைங்க. என்னத்தான் கூப்பிடுறான்" என்றாள் சீரங்காயி. அவளுக்குக் கண்ணீர் கொட்டியது, அதைத் துடைக்க இருந்த ஒரு கையிலும் கூடை இருந்தது.

பெரியண்ணன் கூடையை அவள் இடுப்பிலிருந்து வாங்கித் தரையில் வைத்தான். பிறகு வெளியே போய்ப் படலைச் சாத்திக் கயிற்றை நன்றாக முடிந்தான். செவலை அப்போதும் பாயவில்லை. அவள் போதும், சாப்பிடு என்று கழுத்தில் தட்டிய பிறகுதான் குனிந்து முதல் வாய் எடுத்தது. அன்று தின்ற கொள்ளு மாதிரி ஒரு கொள்ளு அதன் ஆயுசில் கிடைக்கவில்லை என்று நாய்தான் பின்னால் எல்லாரிடமும் சொன்னதாம்.

தெருவில் நின்றவர்கள் கலைந்து போனார்கள். பசித்தவனுக்கு ஓடிப்போய்ப் போடுவது மட்டும் மரியாதை இல்லை, நடந்துபோய்ப் போட்டாலும் மரியாதைதான் என்று அப்புறம் அந்த ஊர்க்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். மாடு தொட்டியை முட்டுவதை விட்டது. வெள்ளாடு மட்டும் திருந்தவில்லை. அது இன்றைக்கும் கத்துகிறது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

உச்சியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் மறுவருஷமே ஒவ்வொன்றாக இறங்கி வந்து ஆளுக்கொரு வீட்டில் தங்கியது. வந்தவற்றுக்கெல்லாம் செவலைதான் சொல்லிக்கொடுத்தது, வாயைத் திறக்காமலே. வாயைத் திறந்து பேச வேண்டிய தேவை அதற்கு அப்புறம் வரவில்லை. மூக்கால் சொல்வதே போதுமாக இருந்தது. குட்டிகளுக்கும் அதுவே பழகி, குதிரைச் சாதிக்குப் பேச்சு மறந்துபோனது.

இப்போதும் எந்தக் குதிரையாவது தீனி நேரத்தில் கதவை உதைத்தால் அதைத் திட்டாதீர்கள். அந்த வீட்டில் யாரோ ஓடுகிறார்கள் என்று அர்த்தம். ஓடாமல் நடந்து போய்ப் பாருங்கள். அது ஓர் அடி விலகி நிற்கும், தலையைத் தாழ்த்தும், வாயைத் திறக்காமல் அடித்தொண்டையில் உங்களைக் கூப்பிடும். அன்று முதல்தான், எவ்வளவு பசியாக இருந்தாலும், கூடைக்குப் போகும் முன் குதிரை நம் கையை ஒரு தடவை மோந்து பார்க்கிறது, எலும்பு கூடிவிட்டதா என்று.